பொறி பறந்தால்…

பஸ்ஸில் சடன் பிரேக். முன் சீட்டுக் கம்பியில் தலை 'ணங்'கென்று மோதுகிறது. ''கண்ணுல பொறி பறந்துடுச்சுப்பா!'' என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இறங்கும்போதே அதை மறந்துவிடுவோம்.

பொறி அதோடு நின்றால் சரி. நாலு நாள் கழித்தும் கண்ணோரத்தில் 'பளிச் பளிச்'சென்று மின்னல் வெட்டினால்? கூடவே கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதந்தால்?

விழிக்குள்ளே, முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு ஜெல் நிரம்பியிருக்கிறது. அடிபட்ட குலுக்கலில் அது பின்னால் இருக்கும் விழித்திரையைப் பிடித்து இழுக்கலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. கிள்ளினாலும் இழுத்தாலும் அதற்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான்! அதனால்தான் அந்த மின்னல். இழுப்பு பலமாகி, திரை கிழிந்து ரத்தம் கசிந்தால் புள்ளிகள் பெருகும். கிழிசல் வழியே நீர் புகுந்தால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி விழித்திரையே உரிந்துவிடும். அப்புறம் இருட்டு.

1851-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகுதான் உரிந்த திரையை டாக்டர்கள் தெளிவாகப் பார்த்தார்கள். பார்க்கத்தான் முடிந்தது! நோயாளியின் கண்ணைக் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1912-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு டாக்டர், சக டாக்டர்களிடம் விசாரித்துக் கணக்கெடுத்தார். குணமானது எத்தனை பேர்? ஆயிரத்தில் ஒருவர்!

இந்த விதியை மாற்றியவர், ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல்ஸ் கோனின். ''கிழிசல்தான் காரணம். அதை அடைத்தால் திரை ஒட்டிக்கொள்ளும்'' என்பது அவர் கட்சி. ''கிழிசல் காரணமில்லை, உரிந்ததால் வந்த விளைவு'' என்று பெரிய டாக்டர்கள் பலர் ஒதுக்கினார்கள்.

கோனின் அசரவில்லை. பொறுமையாகத் தேடிக் கிழிசலைக் கண்டுபிடிப்பார். அது சரியாக எந்த இடத்தில் என்று விழியின் வெளிப்புறத்தில் அளந்து குறிப்பார். அங்கே சின்னதாகக் கீறி, பழுக்கக் காய்ச்சிய முனையால் ஒரு சூடு! புண் ஆறும்போது ஏற்படும் தழும்பே பசையாகி, கிழிசலை ஒட்டிவிடும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை தப்பியது. 1929-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவர்கள் மாநாடு, கோனின் சொன்னதே சரி என்று ஏற்றது. அப்போது அவருக்கு வயது 59. ஆறே வருடத்தில் இறந்துபோனார்.

சூடு வைக்கலாம், சரி. கண்ணைக் கீறாமல் வைக்க முடியுமா? விடை வானத்திலிருந்து வந்தது! 1945 ஜூலை 9. சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவர், விழித்திரை பொசுங்கிப்போய் ஜெர்மானிய டாக்டர் மேயர் ஷ்விக்கராத்திடம் வந்தார். 'பொசுக்குகிற வெளிச்சம் கிழிசலை ஒட்டவும் வைக்குமே!' என்று டாக்டருக்குப் பொறிதட்டியது. சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி, நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றுவிடும்! பிறகு செனான் விளக்கு வந்தது. 1960-களில் லேசர்.

இன்று, கிழிசலோடு நின்ற கண்ணுக்குச் சில நிமிட லேசர் போதும். உரிந்துவிட்டால் பெரிய ஆபரேஷன்தான். மிதக்கும் புள்ளிகள் எல்லாமே ஆபத்தில்லை. வயதானால் பலருக்கும் வருவதுதான். ஆனால் திடீரென்று புள்ளிகள் பெருகினால், மின்னல் வெட்டினால், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைத்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். கிட்டப்பார்வைக்குப் பெரிய பவர் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் வேகமாக!

'வலிக்கலையே, பார்த்துக்கலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அது வலிக்கவே வலிக்காது!