செம்மண் குன்றுகளும் ஒரு காளானும்

அமெரிக்காவில் டென்னஸி ராஜ்யத்தின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி, டக்டவுன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் அப்பலேச்சிய மலைகள். நல்ல மழை பெய்கிற சீமை. அப்படியிருந்தும் அந்த ஊரைச் சுற்றி ஏறக்குறைய 50 சதுர மைல் நிலம் காடற்றுப் போயிற்று. நடுப்பகுதியில் புல் பூண்டுகூட இல்லை. செக்கச்செவேலென்று வெறும் மண். மழையில்லாமல் பாலையான இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது மழை பெய்யப் பெய்யப் பாலையான இடம்!

எல்லாம் செம்பு செய்த வேலை. 1843-ல் அங்கே செம்பு இருப்பதைக் கண்டார்கள். 1850-ல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். அந்தத் தாதுவில் கந்தகம் அதிகம். அதைப் போக்குவதற்காக விறகையும் தாதுவையும் அடுக்கடுக்காகக் குவித்துத் திறந்த வெளியிலே தீ மூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு குவியலும் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 1890 வரை அந்தப் பக்கம் ரயில் கிடையாது. ஆகவே விறகெல்லாம் பக்கத்து மலைகளிலிருந்தே வந்தது. கோடரிக்குத் தப்பிய மரத்தைக் கந்தகப் புகை கொன்றது. மரம் போன பிறகு மழை சும்மா இருக்குமா? மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது.

புகைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஜார்ஜியாவுக்குள்ளும் போயிற்று. அந்த ராஜ்யத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 1907-ல் ஸுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கின் நெருக்கடியில் கம்பெனியார் புகையைப் பிடித்துக் கந்தகத் திராவகமாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு செம்பைவிடத் திராவகத்தில்தான் லாபம் அதிகமாயிற்று!

புகை குறைந்தது, காடு திரும்பவில்லை. 1930-களிலிருந்து கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பல பட்டுப்போயின.

குறை என்ன என்பதற்கு விடை பெர்லினில் எப்போதோ கிடைத்திருந்தது. தரைக்கடியில் விளையும் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைப் பயிரிட முடியுமா என்று ஆராயும்படி, ஃபிராங்க் என்ற தாவர நூல் பேராசிரியரைப் பிரஷ்ய அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அவர் மர வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, வேர் நுனிகளைக் காளான் இழைகள் உறைபோல மூடியிருக்கக் கண்டார். இது நோயல்ல, கூட்டுக் குடித்தனம் என்றார். வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் இழை நுழைந்து, நீரும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் பங்கு கொடுக்கும். 1885-ல் அதற்கு மைக்கோரைஸா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் காளான் வேர் என்று அர்த்தம். பலர் அவரை நம்பவில்லை.

டக்டவுனில் மேல்மண்ணோடு இந்த இழைகளும் போய்விட்டிருந்தன. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். பால் எவ்வளவு நல்லதானாலும் உறைமோர் விடாவிட்டால் தயிராகுமா?

எந்த மோரை விடுவது என்பதுதான் கேள்வி. நாற்றங்காலில் கன்றுகளின் வேரில் தானாகவே ஒரு காளான் பற்றிக்கொள்ளும். ஈரமும் உரமும் உள்ள இடத்துக்கு அது போதும். கொதிக்கிற அமில மண்ணில் அது தாங்காது. 1966-ல் ஷ்ராம் என்பவர் பென்ஸில்வேனியாவின் நிலக்கரிக் கழிவு மேடுகளைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். அந்தக் கறுப்பு மேடுகளில் தாமாக முளைத்த மரக்கன்றுகள் நிலைப்பதற்கு, இளமையிலேயே வேரில் காளான் பற்றியாக வேண்டும் என்று கண்டார். அவற்றுள் முக்கியமானது பிஸோலித்தஸ். ரசிக்கத்தக்க உருவமல்ல. குதிரைச் சாணி உருண்டை என்றே தோன்றும். உடைத்தால் பழுப்புத் தூள் பறக்கும்.

புகைக்காக வழக்காடிய அதே ஜார்ஜியாவில், ஏதென்ஸ் நகரில், வன இலாகா விஞ்ஞானி டொனால்ட் மார்க்ஸ் இந்தக் காளானை வளர்த்து நாற்றங்கால் மண்ணில் கலந்தார். 1970-களில் அந்தப் பைன் நாற்றுகள் டக்டவுன் செம்மண்ணிலேயே நடப்பட்டன. சாதாரண நாற்றுகளைவிட நன்றாக வளர்ந்தன. காளான் ஒன்றே மாயம் செய்துவிட்டது என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். உரமும் வேண்டியிருந்தது, பல ஆண்டு உழைப்பும் வேண்டியிருந்தது.

1987-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குன்றுகள் இப்போது பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனால் கோடரி கண்ட பழைய கலப்புக் காடு அல்ல, பெரும்பாலும் பைன். சருகு விழுந்து மண் தேறத் தேற வேறு காளான்கள் வந்து வேரில் குடியேறும். பிஸோலித்தஸ் மெல்ல இடத்தைக் காலி செய்துவிடும்.