மிதிவண்டிச் சுற்றுப்பயண வழி

மிதிவண்டிச் சுற்றுப்பயண வழி என்பது, போட்டிக்காக அன்றி நாட்டுப்புறங்களைக் காணும் நோக்குடன் மிதிவண்டியில் (சைக்கிள்) செல்வோர் தெரிந்தெடுக்கும் சாலைத் தொடரைக் குறிக்கும். இப்பயணம் ஒரு பகலில் முடிவதாகவோ பல நாட்கள் நீள்வதாகவோ இருக்கலாம். இத்தகைய வழிக்கு முதன்மையாக வேண்டப்படுவது அமைதி, அதாவது இயந்திர ஊர்திகளின் குறைவு ஆகும். ஏற்றம் பயணியைக் களைப்படையச் செய்யும். நெருங்கி விரையும் கனரக ஊர்தியோ உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். எனவே சமதளமான நெடுஞ்சாலையை விட மேடும் பள்ளமுமான சிறு சாலையையே பட்டறிவுள்ள பயணிகள் விரும்புகின்றனர். பிரான்சின் மலைப்புற ஊரகச் சாலைகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிலும் இத்தகைய வழிகள் உள்ளன. தொழிற்பகுதியான அத்திப்பட்டிலிருந்தும் இவ்வாறான வழிகளை அடைய இயலும்.

தோற்றம்

பிரான்சில் மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தின் தந்தையாகக் கருதப்படுபவர் பால் தெ விவி (1853–1930). 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட இவர், சான்-தெத்தியேன் நகரில் வாழ்ந்தார். 1887 இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கி நடத்தினார். அந்நகரைச் சூழ்ந்த மலைகளில் ஏறுவதற்கு ஒரே பல்லிணை (கியர்) போதாது என உணர்ந்து, பல்லிணை மாற்றும் அமைப்புகளை ஆய்ந்து பரப்பினார். போட்டி உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. தூர் தெ பிரான்சு போட்டியில் சங்கிலியை இடம் மாற்றும் பல்லிணை அமைப்பு 1937 இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுற்றுப்பயணிகள் அதைப் பயன்படுத்தி வந்தனர்.

1891 இல் பாரிசிலிருந்து பிரெசுத்து நகர் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கி.மீ. போட்டி முதன்முறையாக நடந்தது. அதில் வென்ற சார்ல் தெரோன், கழற்றி மாட்டத்தக்க மிச்செலின் காற்றுச் சக்கரவுறைகளைப் பயன்படுத்தினார். இன்று இது போட்டியாக அன்றி, 90 மணி நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணமாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. அண்மைப் பயணங்களில் இந்தியர் பலரும் பங்கேற்றுள்ளனர். இதில் பங்கேற்க விரும்புவோர் முன்னதாக 200, 300, 400, 600 கி.மீ. பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்துக்குள் முடித்துத் தகுதி பெற வேண்டும். இந்தியாவிலும் இத்தகுதிப் பயணங்கள் நடத்தப்படுகின்றன.

பிரான்சின் ஊரகச் சாலைகள்

பிரான்சில் விரைவுச் சாலைகளும் தேசியச் சாலைகளும் நெடுந்தொலைவுப் போக்குவரத்தைத் தாங்குகின்றன. இவற்றுக்குக் கீழே, மாவட்ட நிருவாகங்கள் பேணும் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் அடர்ந்த வலையாக ஊர்களை இணைக்கின்றன. லாரிகளும் விரையும் மகிழுந்துகளும் பெரிய சாலைகளுக்குச் சென்றுவிடுவதால் சிறு சாலைகள் அமைதியாகின்றன. நல்ல மேற்பரப்பும் குறைந்த போக்குவரத்தும் ஒரே சாலையில் அமைவதே இந்நாட்டின் சிறப்பு எனலாம்.

நடுப் பிரான்சின் மேட்டுநிலமான மாசிப் சென்ட்ரல், அதன் பகுதிகளான ஓவெர்ன், செவென், மற்றும் அருகிலுள்ள தோர்தோஞ் ஆகியவை இவ்வகைப் பயணங்களுக்குப் பெயர் பெற்றவை. ஆறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் இறங்கி மறுகரையில் ஏறும் வகையில் இச்சாலைகள் அமைந்துள்ளன. ஏற்றம் விரும்பாதோருக்கு லுவார் ஆற்றை ஒட்டிய ஏறத்தாழ 900 கி.மீ. மிதிவண்டித் தடமும், கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின் மேல் அமைந்த 'பசுமை வழிகளும்' உள்ளன. இருப்புப்பாதைகள் செங்குத்தாக ஏறுவதில்லை என்பதால் பசுமை வழிகளின் சரிவும் மென்மையானது.

சட்டமும் பயணிக்குத் துணை நிற்கிறது. மிதிவண்டியை முந்தும் ஊர்தி ஊர் எல்லைக்குள் 1 மீட்டரும், ஊருக்கு வெளியே 1.5 மீட்டரும் பக்கவாட்டு இடைவெளி விட வேண்டும் என்பது பிரான்சின் சாலை விதியாகும்.

ஏற்றமும் பல்லிணையும்

சாலையின் சரிவு நூற்றுவீதத்தில் குறிக்கப்படும். 6% சரிவு என்பது 100 மீட்டர் முன்னே சென்றால் 6 மீட்டர் உயர்வதாகும். பயணி, வண்டி, சுமை ஆகியவற்றின் மொத்த நிறை 95 கிலோகிராம் எனக் கொண்டால், இச்சரிவில் ஈர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 56 நியூட்டன் விசை தேவைப்படும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 125 வாட் திறன் செலவாகும். உடல்நலமுள்ள ஒருவர் சிறிது பயிற்சிக்குப் பின் இதைத் தொடர்ந்து அளிக்க இயலும். ஆனால் அத்திறனை எந்தப் பல்லிணையில் அளிக்கிறார் என்பதே முக்கியம்.

முன்புறம் 44 பற்களும் பின்புறம் 18 பற்களும் கொண்ட பழைய வகை மிதிவண்டி, மிதிகட்டை ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். மேற்கூறிய வேகத்தில் மிதிகட்டை நிமிடத்துக்கு 25 சுற்றுகளே சுற்றும். ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்காலுக்குப் பெருஞ்சுமை ஏறும். பெரும்பாலோர் இறங்கி வண்டியைத் தள்ளத் தொடங்குவர். முன்னும் பின்னும் 28 பற்களே உள்ள பல்லிணையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் மட்டுமே நகர்வதால், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 63 சுற்றுகள் அமையும். செலவாகும் திறன் ஒன்றே எனினும், ஒவ்வொரு மிதிப்பின் சுமையும் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு மலைவழிகள்

தமிழ்நாட்டின் மலைச்சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையே பலராலும் நினைவுகூரப்படுகிறது.

ஏலகிரி: 14 வளைவுகள். இவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. மலையேற்றத்தைப் புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது.
ஏற்காடு: சேலத்திலிருந்து செல்லும் முதன்மைச் சாலையில் 20 வளைவுகள்.
வால்பாறை: ஆழியாறு அணையருகிலிருந்து 40 வளைவுகள்.
கொல்லிமலை: காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள்.
சவ்வாது மலை: வளைவுகளால் அன்றி அமைதியால் சிறப்புப் பெற்றது. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர் இம்மலையில் உள்ளது.

நீலகிரியை மையமாகக் கொண்ட 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் பலநாள் மிதிவண்டிப் பயணம் 2008 ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்டது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகமண்டலம் செல்லும் 36 வளைவுச் சாலை, அதன் கடும் ஏற்றத்தால் மிதிவண்டிப் பயணிகளிடையே பெயர் பெற்றது.

வளைவுகளின் எண்ணிக்கை அமைதியை உணர்த்துவதில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. விடுமுறை நாட்களில் ஏற்காடு, உதகமண்டலச் சாலைகள் நெரிசல் மிக்கவை. வார நாளின் விடியற்காலையில் அதே சாலைகள் வேறு முகம் காட்டும். புலிகள் காப்பகங்களின் ஊடே செல்லும் சாலைகளில் யானை முதலிய விலங்குகளை எதிர்கொள்ள நேரிடும் என்பதால், வனத்துறையின் நேரக் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

அத்திப்பட்டு வட்டாரம்

அத்திப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே கடல்மட்டத்தை ஒட்டி அமைந்த ஊர். வட சென்னை அனல் மின் நிலையமும், 2001 இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகமும் (இன்றைய காமராசர் துறைமுகம்) இதனருகே உள்ளன. இங்கு ஏற்றம் ஏதும் இல்லை. எனினும் மிதிவண்டிக்கு இது கடினமான இடமே. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் சாலைகளில் கொள்கலன் (கன்டெய்னர்) லாரிகள் இரவும் பகலும் செல்வதும், வரிசையில் காத்து நிற்பதும் வழக்கம். சரிவு மட்டுமே ஒரு வழியின் கடினத்தை அளக்காது என்பதற்கு இவ்வூர் தக்க சான்று.

ஆயினும் சில கி.மீ. வடக்கே சென்றதும் நிலை மாறுகிறது. துறைமுகப் போக்குவரத்து மேற்கே திரும்பிவிடுவதால், இரு வழிகள் மிதிவண்டிக்கு ஏற்றவையாக அமைகின்றன.

பழவேற்காட்டு வழி: அத்திப்பட்டிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு செல்வது. வட காஞ்சி எனப்படும் மீஞ்சூரில் ஏகாம்பரேசுவரர், வரதராசப் பெருமாள் கோயில்கள் உள்ளன. பொன்னேரிக்கு அப்பால் வயல்களும் உப்பங்கழிகளும் தொடர்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613 இல் கட்டிய கெல்திரியா கோட்டையின் எச்சங்களும், அவர்களது கல்லறைகளும் காணத்தக்கவை. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இங்கு, பனிக்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. முழு வழியும் சமதளமாதலால், அரசு பள்ளி மாணவருக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியே இதற்குப் போதுமானது. பனிக்காலத்தில் வடகிழக்குக் காற்று போகும்போது எதிர்த்தும் திரும்பும்போது உதவியும் வீசும் என்பதால், வலிமையை முதற்பாதியிலேயே தீர்த்துவிடலாகாது.

நாகலாபுர வழி: பொன்னேரியிலிருந்து தச்சூரில் தேசிய நெடுஞ்சாலை 16-ஐக் கடந்து, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திரத்தின் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் செல்வது. ஆரணி ஆற்றை ஒட்டியே பெரும்பாலும் செல்லும் இவ்வழி, அந்த ஆறு தோன்றும் மலைப்புறத்தை நோக்கி மெல்ல உயர்கிறது. பழவேற்காட்டில் கடலையடையும் ஆறும் இதுவே. இவ்வழி திருப்பதி செல்லும் ஊர்திகளுக்கும் பொதுவானது. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் பெருந்திரள் கூடுவதால், அந்நாட்களைத் தவிர்ப்பது நன்று.

அத்திப்பட்டு வழியாகச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டி உள்ளது. அவ்வட்டாரத்தின் தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் நிறுவனத்தின் சக்கரவுறைத் தொழிற்சாலை இயங்குகிறது. 1889 இல் மாசிப் சென்ட்ரலின் கிளேர்மோன் பெரான் நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் சாலை வரைபடங்களையே பிரெஞ்சுப் பயணிகள் தலைமுறைகளாகச் சிறு சாலைகளைத் தேடப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

பாதுகாப்பு

நீண்ட இழுவை லாரி திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்லாமல் வளைவின் உட்புறமாக நகரும். இந்தியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இடப்பக்கத்தை ஒட்டிய பகுதி அவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எனவே சந்திப்புகளில் லாரியின் இடப்பக்கமாக நுழைவது மிகவும் ஆபத்தானது. முன்னே செல்ல இடமிருப்பினும் பின்னால் நின்று அதற்கு வழிவிட வேண்டும். பழுதற்ற தடைக்கட்டைகள், முன்னும் பின்னும் விளக்குகள், தலைக்கவசம் ஆகியவை இன்றியமையாதவை. மலையிறக்கத்தில் தடையைத் தொடர்ந்து அழுத்தினால் விளிம்பு சூடேறும். விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும். கோடையில் காலை 10 மணிக்குள் பயணத்தின் பெரும்பகுதியை முடிப்பதும், போதிய குடிநீர் எடுத்துச் செல்வதும் நன்று.

அத்திப்பட்டிலிருந்து புறப்படுவோர் விடியலுக்குப் பின், வெளிச்சத்தில், லாரி வரிசைகளைத் தவிர்த்து மீஞ்சூரைக் கடந்துவிடின், எஞ்சிய வழி பெரும்பாலும் இடரின்றி அமையும்.

இவற்றையும் பார்க்க

மிதிவண்டி
பல்லிணை
பழவேற்காடு ஏரி
ஆரணி ஆறு
கொல்லிமலை