77 பிட்டுகளில் அடங்கும் பேச்சு: அமெச்சூர் வானொலியின் டிஜிட்டல் முறைகள் குறித்து

அமெச்சூர் வானொலியின் டிஜிட்டல் முறைகளைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றன: டெலிபிரிண்டர் வந்தது, கணினி வந்தது, சவுண்ட் கார்டு வந்தது, சமிக்ஞை மேலும் மேலும் தொலைவு சென்றது. இவ்வரிசையில் பிழையில்லை. ஆயினும் ஒரு கேள்வி அதில் மறைந்துபோகிறது. நலிந்த சமிக்ஞையை இரைச்சலிலிருந்து மீட்பதற்கு இம்முறைகள் எதை விலையாகக் கொடுத்தன? என் வாசிப்பில் அவ்விலை பெரும்பாலும் ஒன்றே: சொல்லக்கூடியவற்றின் எல்லை. ஒவ்வொரு குறியீடும் ‘இன்னதுதான் பேசப்படும்’ என்னும் முன்னனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டது. அனுமானம் இறுக இறுக, தேவைப்படும் ஆற்றல் குறைந்தது.

மோர்சிலேயே இது தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘இ’ என்னும் எழுத்துக்கு ஒற்றைப் புள்ளி. அரிதாக வருபவற்றுக்கு நீண்ட தொடர். இரண்டாம் உலகப்போருக்குப் பின், கழித்துவிடப்பட்ட டெலிபிரிண்டர்கள் அமெரிக்க ஹாம்களின் கைக்கு வந்தபோது, ஐந்து பிட் குறியீடும் உடன்வந்தது. ஐந்து பிட்டுகளில் 32 நிலைகளே சாத்தியம். எனவே எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரே குறியீடுகளை இருமுறை பயன்படுத்தி, இடையில் ஒரு மாற்றுக்குறியை வைத்தனர். அந்த ஒரு குறி இரைச்சலில் தொலைந்தால், தொடர்ந்து வரும் சொற்கள் எண்களாக அச்சாகும்.

இதற்கு முற்றிலும் எதிர்த்திசையில் சென்றவர் ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் ஹெல். 1929இல் அவர் வகுத்த முறை, எழுத்தைக் குறியீடாக்காமல் அதன் வடிவத்தையே புள்ளிகளாக அனுப்பியது. எது சரி, எது பிழை என்று இயந்திரம் முடிவு செய்வதில்லை. இரைச்சல் படிந்த உருவத்தை மனிதக் கண்ணே படித்துக்கொள்கிறது. பின்னாளில் ஹாம்கள் இதனைக் கணினித் திரையில் மீட்டெடுத்தனர். எந்த எழுத்து வரும் என்னும் அனுமானமே இதில் இல்லாமையால், கொள்கையளவில் தமிழெழுத்தையும் இது தடையின்றிச் சுமக்கும்.

பாக்கெட் வானொலி மூன்றாவதொரு வழி. கனடிய அரசு 1978இல் இதற்கு இசைவளித்தது. அவ்வாண்டு மே 31 அன்று மொன்றியலில் முதல் அமெச்சூர் பாக்கெட் ஒலிபரப்பு நிகழ்ந்தது. அமெரிக்க ஹாம்கள் ஆஸ்கி குறியீட்டைப் பயன்படுத்தவே 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவியைப் போலவே சட்டமும் சோதனையின் காலத்தை நிர்ணயிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஏஎக்ஸ்.25 நெறிமுறையில் செல்லும் பாக்கெட் எந்த பைட்டையும் ஏற்கும், பேசுபொருளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு பிட் பிழைத்தாலும் முழுப் பொதியும் தள்ளப்பட்டு மீண்டும் கேட்கப்படும். அதாவது, பேச்சுக்கு எல்லையில்லை. சமிக்ஞை மட்டும் வலுவாயிருக்க வேண்டும்.

1998இல் பிரித்தானியரான பீட்டர் மார்ட்டினெஸ் வெளியிட்ட பிஎஸ்கே31, வேகத்தைத் துறந்து குறுகிய பட்டையகலத்தைத் தேர்ந்தது. வினாடிக்கு 31.25 பிட்டுகள், விசைப்பலகையில் ஒருவர் தட்டும் வேகத்துக்கு அது போதும். மோர்சின் சிக்கனத்தை மீட்டெடுத்து அவர் அமைத்த வேரிகோடில், ஆங்கிலச் சிற்றெழுத்து ‘இ’ இரண்டே பிட்டுகள். எழுத்திடை இடைவெளியான இரு சுழிகளைச் சேர்த்தால் நான்கு. இதே வழியில் ‘க’ என்னும் ஓரெழுத்தை யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் அனுப்புவதாகக் கொள்வோம். அது மூன்று பைட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 10 பிட்டுகளுக்குக் குறையாத குறியீடும் இடைவெளியும் சேர, குறைந்தது 36 பிட்டுகள். ஒன்பது மடங்கு. குறியீட்டின் சிக்கனம் எந்த மொழிக்குச் சிக்கனம் என்னும் கேள்வி இங்கே கணக்காகவே நிற்கிறது.

அனுமானம் உச்சத்தை எட்டியது ஜோசஃப் டெய்லரின் பணியில். இரட்டைப் பல்சாரைக் கண்டறிந்தமைக்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இரைச்சலில் புதைந்த சமிக்ஞையைத் தோண்டியெடுப்பது அவர் துறை. 2001 முதல் அவர் உருவாக்கிய மென்பொருள்கள் விண்கற்களின் அயனித் தடத்திலும் நிலவின் எதிரொலியிலும் ஹாம்களுக்குத் தொடர்பை ஏற்படுத்தித் தந்தன. ஸ்டீவ் ஃபிராங்கேயுடன் 2017இல் அவர் வெளியிட்ட எஃப்டி8 முறையில் ஒரு செய்திக்கு 15 வினாடி. இன்றைய வடிவில் ஒரு செய்தி 77 பிட்டுகளே. அழைப்புக்குறி ஒவ்வொன்றுக்கும் 28, இருப்பிடம் அல்லது சமிக்ஞை அளவுக்கு 15, மீதி சில அடையாளங்களுக்கு. 2500 ஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலைவிட ஏறத்தாழ நூறு மடங்கு நலிந்த சமிக்ஞையையும் இது படித்துவிடும். தன்விருப்பமாக எழுத இடமுண்டு: 13 எழுத்துருக்கள், அதுவும் 42 குறிகள் கொண்ட பட்டியலிலிருந்து மட்டும். அப்பட்டியலில் உள்ளவை ரோமன் எழுத்துகளும் எண்களும் சில நிறுத்தக்குறிகளும்தாம்.

‘இது உரையாடலே அன்று, இயந்திரங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன’ என்னும் மனக்குறை ஹாம்களிடையே உண்டு. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. பன்னாட்டு வானொலி விதிகள் அமெச்சூர் சேவைக்கு மூன்று நோக்கங்களைக் கூறுகின்றன: தற்பயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு. எஃப்டி8 இரண்டாவதை மெலியச் செய்தது உண்மை. ஆனால் மூன்றாவதை வளர்த்தது. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அயனி மண்டலம் எவ்வாறு மாறியது என்பதை ஆராய, ஹாம் நிலையங்களின் தானியங்கிப் பதிவுகள் தரவாகப் பயன்பட்டன. உரையாடலாக எளியதே, அளவீடாக வளமுடையதாயிற்று.

இந்திய மாணவர்களுக்கு இது அயல்செய்தி அன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ரா அயனி மண்டல ஆய்வுக்கு அடித்தளமிட்டார். மேல்வளிமண்டலம் குறித்த அவரது நூல் 1947இல் வெளிவந்தது. புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்திருப்பதாலேயே தும்பா ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அதே வானத்தின்கீழ், உரிமம் பெற்ற ஒரு மாணவர் ஒரு வாட்டுக்கும் குறைந்த ஆற்றலில், 50 பிட் செய்திகொண்ட விஸ்பர் முறையில் நாள்தோறும் அளவீடு செய்யலாம்.

அதனோடு இன்னொரு சோதனையும் நமக்குரியது. தமிழெழுத்துகளின் வருகை விகிதத்தை எண்ணி, அதன்மேல் ஒரு வேரிகோடு அமைத்தால் ‘க’வுக்கு எத்தனை பிட் போதும்? பொருளை மறைக்கும் நோக்கில் குறியீடு அமைத்தலையே விதிகள் தடுக்கின்றன. வெளிப்படையாகப் பதிப்பித்த குறியீட்டை அன்று. கணினியியல், மொழியியல் மாணவர்கள் இருவர் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் முடிக்கத்தக்க ஆய்வு இது. முயல விரும்புவோர் கீழே எழுதுங்கள்; எழுத்து எண்ணிக்கையை எந்தத் தரவுத்தொகுப்பிலிருந்து தொடங்கலாம் என்பதை அங்கேயே பேசுவோம்.