கட்டுச்சோறு, சத்தி, தோஷா: ஒருநாள் நீர்ப்பயணத்தின் முன்னிரவு

குற்றாலத்துக்கோ குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவிக்கோ விடியலில் புறப்பட்டு இருட்டுமுன் வீடு திரும்பும் குடும்பத்தின் பயணம் உண்மையில் முந்தைய இரவே அடுக்களையில் தொடங்கிவிடுகிறது. புளியைக் கரைத்து நல்லெண்ணெயில் வற்றக் காய்ச்ச வேண்டும். வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே கிளற வேண்டும். வாழையிலையைத் தணலில் வாட்டிப் பொதிய வேண்டும். இவற்றில் எதுவும் வெறும் பழக்கமன்று. புளியின் அமிலமும் உப்பும் சோறு ஊசிப்போவதைத் தள்ளிப்போடுகின்றன. சுடச்சுடக் கட்டினால் ஆவி உள்ளேயே நீர்த்துச் சோற்றைக் கெடுக்கும். வாடாத இலை மடிப்பில் கிழியும். நண்பகலில் அருவிக்கரைப் பாறையில் பிரிக்கப்படும் பொதி கெடாமலிருப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரக் கணக்கொன்று பின்னணியில் இயங்குகிறது. பயண வரலாறுகள் போன இடத்தை எழுதின, போனவர் பெயரை எழுதின. இந்த முன்னிரவுக்கு அவற்றில் இடமில்லை. அதைக் காத்து வைத்திருப்பவை சொற்கள்தாம்.

தமிழில் அச்சொற்கள் பல. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூறு 'ஆற்றுணா' என்னும் சொல்லை ஆள்கிறது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. நாலடியார் 'தோட்கோப்பு' என்கிறது. தோளில் கோத்துச் செல்லும் சோறு என்று இதை விளக்குவர். பிற்கால வழக்கில் பொதிசோறும் கட்டுச்சோறும் நிலைபெற்றன. ஒன்று செல்லும் வழியைக் கொண்டும், ஒன்று சுமக்கும் உறுப்பைக் கொண்டும், மற்றவை கைவினையைக் கொண்டும் பெயர் பெற்றிருக்கின்றன. சோற்றின் சுவையையோ வகையையோ சுட்டும் சொல் இவற்றில் ஒன்றுமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தெலுங்கு வேறு வழியில் சென்றது. அங்கே வழியுணவு 'சல்தி'. அதுவே 'சத்தி' எனத் திரிந்தது. (தகரத்தை மெலித்து ஒலிக்க வேண்டும். தமிழ்ச் 'சத்தி'யோடு இதைக் குழப்பிக்கொள்வது இரு வகையிலும் சங்கடமே.) குளிரைக் குறிக்கும் 'சலி' என்பதோடு உறவுடைய சொல் அது. ஆறிய சோறு, முன்னரே ஆக்கிவைத்த சோறு என்பதே பொருள். அதாவது தெலுங்கு இச்சோற்றுக்குக் காலத்தைக் கொண்டு பெயரிட்டது. முன்னிரவு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் போதனா இயற்றிய தெலுங்கு பாகவதத்தில் யமுனைக் கரையில் கண்ணனும் ஆயர் சிறுவரும் உண்ணும் காட்டுணவும் சல்திதான். இடக்கையில் ஏடு படிந்த தயிர் கலந்த சல்தி உருண்டை, விரலிடுக்குகளில் ஊறுகாய். வடமொழி மூலம் விரலிடுக்கில் கனிகளை வைக்க, ஓரங்கல்லுப் பகுதியைச் சேர்ந்த போதனா அங்கே ஊறுகாயை வைத்தார். தம் ஊர்ப் பிள்ளைகள் சத்தி மூட்டையைப் பிரித்ததைப் பார்த்த கண் அது என்று கொள்வதில் பிழையில்லை.

ஹைதராபாத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. பாரசீகத்தில் 'தோஷா' என்பது வழிப்பயணத்திற்கான உணவுச் சேமிப்பு. தக்கனி பேசும் வீடுகளில் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் கட்டிக்கொடுக்கும் சோறும் தோஷாவே. அதை ஏந்தும் அடுக்குப் பாத்திரம் 'தோஷாதான்'. குதுப் ஷாஹி, ஆசிப் ஜாஹி ஆட்சிகளில் அரசவையும் நகரமும் சேர்ந்து வெளியே கிளம்பும் பெருநாள்களுள் ஒன்று மௌலா அலி குன்றின் உர்ஸ். ரஜப் மாதம் 17ஆம் நாளையொட்டி நடைபெறும் அவ்விழாவுக்காகப் பிரபுக்கள் குன்றைச் சுற்றி மாளிகைகளையும் தோட்டங்களையும் அமைத்தனர். 1824இல் மறைந்த கவிஞர் மாஹ் லகா பாயின் கல்லறையும் அக்குன்றின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஊர்வலமும் யானையும் ஏடேறின. தோஷா கட்டியவர் ஏடேறவில்லை.

இங்கே வியப்பளிக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு. மூன்று மொழிகளும் தனித்தனியே இந்தச் சோற்று மூட்டையை உருவகமாக்கியுள்ளன. நாலடியாரில் தோட்கோப்பு என்பது கூற்றுவன் வருமுன் சேர்த்துக்கொள்ள வேண்டிய அறம். பழமொழி நானூற்றிலோ நன்கு கற்றவருக்கு எந்நாடும் தம் நாடே ஆதலால் ஆற்றுணா தேவையில்லை. பெரியோர் சொல் சத்தி மூட்டை என்பது தெலுங்குப் பழமொழி. மறுமைக்கான நற்செயலை உருது 'தோஷா-ஏ-ஆகிரத்' என்கிறது. அறம், கல்வி, அறிவுரை, மறுமை என எல்லாம் சுமப்பவனின் உடைமையாகவே பேசப்படுகின்றன. அவன் தோளுக்கு அம்மூட்டை எப்படி வந்தது என்று எந்த உருவகமும் கேட்கவில்லை. உண்மையான கட்டுச்சோற்றைப் பெரும்பாலும் சுமப்பவன் கட்டுவதில்லை. முதல்நாள் இரவு விழித்திருந்த வேறொருத்தி கட்டுகிறாள். உருவகம் பெருமைப்படுத்திய பொருளிலிருந்து அதைச் செய்த கை நழுவிவிட்டது. கற்றவனுக்கு ஆற்றுணா வேண்டாம் என்ற வாக்கும் இவ்வெளிச்சத்தில் சற்றே வேறாக ஒலிக்கிறது: சென்ற ஊரிலும் யாரோ ஒருத்தி உலையேற்றுவாள் என்ற நம்பிக்கையன்றோ அது?

விதிவிலக்கு தெலங்கானாவில் இருக்கிறது. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் பதுகம்மா விழாவின் இறுதி நாளுக்குச் 'சத்துல பதுகம்மா' என்று பெயர். சத்திகளின் பதுகம்மா என்பதே பொருள். ஒரு விழாநாள் முழுவதும் கட்டுச்சோற்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. (முதல் நாள் 'எங்கிலிப்பூல பதுகம்மா'. எங்கிலி தமிழின் எச்சிலுக்கு உறவுச்சொல்.) முதல்நாளே தங்கேடு எனப்படும் ஆவாரம்பூவும் குனுகுப் பூவும் பறித்து வர ஆட்கள் வயலுக்கும் ஏரிக்கரைக்கும் போவார்கள். பூக்களைத் தட்டில் வட்டவட்டமாக அடுக்கிக் கோபுரமாக்குவது ஒருபுறம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு எனச் சத்திகள் ஆக்குவது மறுபுறம். மாலையில் பெண்கள் கைதட்டிச் சுற்றிவந்து பாடுவர். பிறகு பதுகம்மாவை நீரில் விட்டுவிட்டுக் கரையிலேயே மூட்டைகளைப் பிரித்துப் பகிர்ந்துகொள்வர். ஆக்கியவர், கட்டியவர், சுமந்தவர், உண்டவர் எல்லாரும் இங்கே ஒருவரே. சோள ரொட்டியை நொறுக்கி வெல்லம் பிசைந்து செய்யும் இனிப்பும் அம்மூட்டையில் உண்டு. அதன் பெயர் 'மலீதா'. பிசைந்தது என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் அது. அரசவையின் மொழி தெலுங்குப் பெண்களின் படையலுக்குள் எப்போதோ எளிதாக நுழைந்துவிட்டது.

காவிரிக் கரையின் ஆடிப்பெருக்கு இதற்கு நெருங்கிய உறவு. அங்கும் நீர்க்கரை, அங்கும் சித்திரான்னம், அங்கும் அந்நாளை நடத்துபவர்கள் பெண்கள். வேறுபாடு நீரில் இருக்கிறது. காவிரியில் புதுப்புனல் வரும் நாளைக் கொண்டாடுகிறார்கள்; தக்காணப் பீடபூமியிலோ பருவமழை முடிந்து ஏரி நிரம்பியிருக்கும் நாளை. ஹைதராபாத்தில் குடும்பங்கள் மூட்டை கட்டிச் சென்ற நீர்நிலைகள் பெரும்பாலும் மனிதர் வெட்டியவை. 16ஆம் நூற்றாண்டில் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் எழுந்த உசேன் சாகரும் அத்தகையதே.

நீர் அடங்காத ஆண்டும் ஒன்று இருந்தது. 1908இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 25 அன்று வந்தது. செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. பதுகம்மாவின் ஒன்பது நாட்களுக்குள், ஏரிகள் நிரம்பியிருக்க வேண்டும் என்று பெண்கள் பாடிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே, அவ்வெள்ளம் சுமார் 15,000 உயிர்களைக் கொண்டுபோனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்சல்கஞ்சில், இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் மரமொன்றில் ஏறி 150 பேர் தப்பினர் என்று நகரம் நினைவுகூர்கிறது. அது புளியமரம்.

அவ்வெள்ளத்திற்குப் பிறகே விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவர் வகுத்த திட்டத்தின்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் கிளையான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் அமைந்தன. முன்னதை ஹைதராபாத்தினர் கண்டிப்பேட்டை என்றே அழைப்பர். வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் கட்டிய அந்த அணைக்கரை சில பத்தாண்டுகளிலேயே நகரக் குடும்பங்கள் விடுமுறை நாளில் விடியலில் கிளம்பிப் போகும் இடமாயிற்று. தோஷாதானும் சத்தி மூட்டையும் தமிழ்க் குடும்பங்களின் தூக்குவாளியும் ஒரே கரையில் பிரிக்கப்பட்டன. தமிழர் அதைப் புளியோதரை என்றனர், கன்னடர் புளியோகரை என்றனர், தெலுங்கர் புளிஹோரா என்றனர். மூன்றும் முதல்நாள் இரவே காய்ச்சி வைத்த புளியில் கிளறியவை.