2017 சென்னை எண்ணெய்க் கசிவு

2017 சென்னை எண்ணெய்க் கசிவு என்பது 2017 சனவரி 28 அன்று எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதால் வங்காள விரிகுடாவில் கன எரியெண்ணெய் கலந்த நிகழ்வு ஆகும். கசிந்த எண்ணெய் சில நாட்களில் தெற்கு நோக்கிப் பரவி மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய கடற்கரைகளையும் எட்டியது.

விபத்து

சமையல் எரிவளியை இறக்கிவிட்டு அதிகாலையில் துறைமுகத்தை விட்டு வெளியேறிய பி. டபிள்யூ. மேப்பிள் என்னும் கப்பலும், பெட்ரோலியப் பொருட்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்னும் இந்தியக் கப்பலும் மோதின. டான் காஞ்சிபுரம் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தது. சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் அறிவித்தது. கரையில் கருமையான குழம்பு திரண்ட பின்னரே கசிவின் அளவு வெளிப்பட்டது. தொடக்கத்தில் மிகக் குறைவாகக் கூறப்பட்ட இவ்வளவு, பின்னர் ஏறத்தாழ 200 டன் அல்லது அதற்கும் மேல் என மதிப்பிடப்பட்டது.

எண்ணெயின் தன்மை

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் போன்றவை பிரிக்கப்பட்ட பின் எஞ்சும் தடித்த எண்ணெயே கன எரியெண்ணெய் ஆகும். பெட்ரோலைப் போல் இது விரைவில் ஆவியாவதில்லை. அலையின் அசைவில் கடல்நீரை உள்வாங்கித் தன் பருமனைப் போல் பல மடங்கு பெருகும். இதனால், அள்ளப்பட்ட கழிவின் எடையும் கசிந்த எண்ணெயின் எடையும் ஒன்றாக இருப்பதில்லை. அள்ளியதில் பெரும்பகுதி நீரும் மணலுமாகும்.

இத்தகைய தடித்த எண்ணெய்களை அகற்றுவது கடினம் என்பதற்குத் தார் மணல் எண்ணெயும் எடுத்துக்காட்டு ஆகும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மணலிலிருந்து பிரிக்கப்படும் பிட்டுமன் தானாக ஓடாது. எனவே மென்மையான ஐதரோகார்பன்களைக் கலந்தே குழாய்களில் அனுப்பப்படுகிறது. 2010 சூலையில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அத்தகைய குழாய் உடைந்து, 30 இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட எண்ணெய் கலமசூ ஆற்றில் கலந்தது. மென்மையான பகுதி ஆவியாக, பிட்டுமன் ஆற்றின் அடியில் படிந்தது. தூய்மைப் பணிக்கு 100 கோடி டாலருக்கும் மேல் செலவானது. எண்ணெயின் தடிமன் கூடும்தோறும் சூழல் செலவும் கூடுகிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பரவலும் பாதிப்பும்

சனவரி மாதத்தில் வாடைக்காற்றும் கடல் நீரோட்டமும் தெற்கு நோக்கி இருக்கும். அதனால் எண்ணெய் எண்ணூரிலிருந்து சென்னை நகரின் பக்கம் நகர்ந்தது. எர்ணாவூர்க் கரையில் அலைத்தடுப்புக் கற்களுக்கு இடையே எண்ணெய் சிக்கிக்கொண்டதால் அங்கு பாதிப்பு மிகுதியாக இருந்தது. தென்சென்னையில் எண்ணெய்ப் படலமும் தார் உருண்டைகளும் ஆங்காங்கே ஒதுங்கின.

மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கேயுள்ள ஊரூர் ஆல்காட் குப்பம் ஆகியன இக்கரையின் மீனவர் குடியிருப்புகளாகும். எண்ணெய் கலந்த மீன் என்னும் அச்சத்தால் நகரில் மீன் விற்பனை சரிந்தது. எண்ணெய் ஒதுங்காத குப்பங்களின் மீனவர்களும் இதனால் வருவாய் இழந்தனர்.

சனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடும் காலமாகும். பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகின்றனர். கசிவைத் தொடர்ந்து எண்ணெய் படிந்த ஆமைகள் சில இறந்து கரை ஒதுங்கின. இழுவை வலைகளில் சிக்கியும் ஆண்டுதோறும் ஆமைகள் இறப்பதால், கசிவினால் மட்டும் இறந்தவற்றைத் தனியே கணக்கிடுவது எளிதன்று.

தூய்மைப் பணி

கழிவுநீரை உறிஞ்சும் ஊர்திகளால் தடித்த குழம்பை இழுக்க இயலவில்லை. எனவே கடலோரக் காவல் படையினர், மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் வாளிகளால் அள்ளினர். பலர் போதிய பாதுகாப்புக் கவசம் இன்றிப் பணியாற்றினர். இவ்வெண்ணெயில் உள்ள பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்களில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. திரட்டப்பட்ட கழிவு, நுண்ணுயிர்களைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்கும் முறைக்கு உட்படுத்தப்பட்டது.

பொறுப்பு

தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் எதிர்நடவடிக்கைத் திட்டம் 1996 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒருங்கிணைப்புப் பொறுப்பு கடலோரக் காவல் படைக்கு உரியது. எனினும் 700 டன் வரையிலான கசிவை எதிர்கொள்ளும் கருவிகளைத் துறைமுகங்களே வைத்திருத்தல் வேண்டும். 2017 கசிவு இவ்வரம்புக்கு உட்பட்டதே. எனினும் கரையில் பணி பெரிதும் வாளிகளைக் கொண்டே நடைபெற்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையின் அடிப்படையில் இழப்பீடு கோரும் வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் முன் வந்தன.

பிந்தைய நிகழ்வு

2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அப்போதும் எண்ணெயை அகற்றும் பணியில் உள்ளூர் மீனவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர்.

இவற்றையும் பார்க்க

தார் மணல்
பங்குனி ஆமை
எண்ணூர்க் கழிமுகம்