பழவேற்காட்டின் நாணயக் கணக்கு: காசு, வராகன், கில்டர்

17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய ஒரு துணிக்குக் குறைந்தது நான்கு விலைகள் இருந்தன. நெய்தவர் கையில் அது பணம் என்னும் சிறு நாணயமும் காசும். அவருக்கு முன்பணம் தந்த வணிகருக்கு வராகன். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) பேரேட்டில் கில்டர். கடல் கடந்து மலுக்குத் தீவுகளை அடைந்தபோது ஸ்பானிய ரியால், அல்லது நேரே கிராம்பும் சாதிக்காயும். வாங்குபவர் எங்கே இருந்தாலும் அவர் பழகிய நாணயத்திலேயே விலை சொல்லப்பட்டது. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும் வேலை யார் கையில் இருந்ததோ, ஆதாயத்தின் பெரும்பகுதியும் அவர் கையிலேயே தங்கியது.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610இல் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்துக் கம்பெனியின் ஆளுநர் இருந்த இடம் இதுவே. ஏரிக்கரை மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தின் பெயரில் அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறது.

கம்பெனி தறிகாரரிடம் நேரே போகவில்லை. மலையப்ப செட்டி, சின்னண்ண செட்டி போன்ற பெருவணிகர்களிடம் வராகனில் முன்பணம் கொடுத்தது. அவர்கள் தங்கள் ஆட்கள் மூலம் உள்நாட்டு நெசவு ஊர்களுக்கு அதைச் சில்லறையாகப் பிரித்து அனுப்பினர். மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, நீள அகலம் குறைந்தாலோ சாயம் மங்கினாலோ விலை குறைக்கப்பட்டது. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) தன் துணி என்ன விலைக்குப் போனது என்று நெய்தவருக்குத் தெரிய வழியே இல்லை. வரலாற்று நூல்கள் கம்பெனியின் இலாபத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இந்த அறியாமையையும் அதற்கு இணையாக எடைபோட வேண்டும்.

வராகன் என்பது ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள சிறு பொன் நாணயம். ஆனால் எல்லா வராகனும் ஒன்றல்ல. பழையது, புதியது, இந்த ஊர்க் கம்பட்டத்தில் அடித்தது, அந்த ஊரில் அடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, வேறு. நாணயம் மாற்றும் சராப்பு அதை உரைகல்லில் தேய்ப்பார். மாற்றுத் தெரிந்த ஊசிகளின் கோடுகளைப் பக்கத்தில் இழுத்து நிறத்தை ஒப்பிடுவார். குறைவுக்கு ஏற்ப வட்டம் என்னும் கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். மக்களின் நம்பிக்கை நாணயத்தின் தோற்றத்திலும் இருந்தது. அதனால்தான் ஐரோப்பியக் கம்பெனிகளும் இந்தக் கரையில் திருமால் உருவம் பொறித்த வராகன்களை அடித்தன. சென்னையின் நட்சத்திர வராகனும் பரங்கிப்பேட்டை வராகனும் அப்படிப்பட்டவை.

பழவேற்காட்டிலும் ஒல்லாந்தரின் கம்பட்டம் இருந்தது. அதற்கான பொன் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1668இல் ஜப்பான் வெள்ளி ஏற்றுமதியைத் தடுத்தது. ஒல்லாந்தர் அதற்குச் சற்று முன்பே அனுமதி பெற்றிருந்த கோபன் என்னும் பொற்காசுகளைக் கூடுதலாகக் கொண்டுவந்து, உருக்கி, வராகனாக அடித்தனர். 1695இல் ஜப்பானிய அரசு கோபனின் பொன் அளவை ஏறத்தாழ 85 விழுக்காட்டிலிருந்து 57 விழுக்காடாகக் குறைத்தது. அதற்குப் பிறகு அந்தக் காசை இங்கே கொண்டுவருவதில் இருந்த ஆதாயம் சரிந்தது. ஜப்பானின் எடோ நகரில் எடுத்த ஒரு முடிவு சோழமண்டலக் கரையின் துணிக் கொள்முதலைத் தொட்டது.

மீன், அரிசி, உப்பு வாங்கப் பொன் உதவாது. அதற்குச் செப்புக் காசு வேண்டும். கம்பெனியின் முத்திரை பொறித்த காசுகள் பழவேற்காட்டில் அடிக்கப்பட்டன. அவற்றை இன்றும் நாணயச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். செம்பின் விலை ஏறி இறங்கும்போது ஒரு பணத்துக்கு எத்தனை காசு என்ற கணக்கும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. காசின் மதிப்புக் குறைந்தால் வரும் இழப்பு, காசில் கூலி வாங்கி அன்றன்றைக்குச் செலவழித்தவர்களையே முதலில் தாக்கியது.

இதே நாணயங்களில் மனிதர்களுக்கும் விலை எழுதப்பட்டது. பஞ்ச ஆண்டுகளில் தங்களையே விற்றுக்கொண்டவர்களையும் பெற்றோர் விற்ற பிள்ளைகளையும் கம்பெனி அடிமைகளாக வாங்கி, பழவேற்காட்டுத் துறையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றியது. கோட்டையின் வணிகத்தைப் பெருமையாகச் சொல்லும் எந்த வரலாறும் இதை விட்டுவிடலாகாது.

1639இல் தொடங்கிய ஆங்கிலேயரின் சென்னை, வெகு அருகிலேயே போட்டியாக வளர்ந்தது. அங்கே ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ஆக 3,360 காசு என்று கணக்கு நின்றது. 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைக்கப்பட்டது. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்த 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பழவேற்காடு 1825இல் ஆங்கிலேயரிடம் வந்தது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. சராப்பின் உரைகல்லுக்கு வேலை குறைந்தது.

இந்த ஊரின் கட்டம்போட்ட கைலி மட்டும் மலேசியாவில் 'பெலிக்காட்' என்ற பெயரோடு இன்றும் விற்கிறது, ரிங்கிட்டில். பழவேற்காடு இப்போது மீனவர் ஊர். பாடு முறைப்படி முறை வைத்து வலை இறக்கும் குப்பங்களில் இறாலுக்கும் நண்டுக்கும் விலை ரூபாயில் பேசப்படுகிறது. உயிரோடு கட்டி அனுப்பும் களி நண்டு சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்குப் போகிறது. அங்கே அதன் விலை வேறு நாணயத்தில். அந்த விலையை அறிந்தவர் ஏற்றுமதியாளர். பிடித்தவருக்குக் கிடைப்பது கரையில் வியாபாரி சொல்லும் விலை.