கூடைப்பந்து டிராஃப்ட்: இளம் வீரர் மதிப்பீடும் அணிப் பொருத்தமும்

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில், புதிய வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு டிராஃப்ட் எனப்படுகிறது. 1947இல் தொடங்கிய இந்த முறை 1989 முதல் இரண்டே சுற்றுகளாக நடைபெறுகிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்வரிசை வாய்ப்பு தருவது இதன் அடிப்படை. அந்த வாய்ப்புக்காக அணிகள் வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, முன்வரிசையைக் குலுக்கலால் தீர்மானிக்கும் லாட்டரி 1985இல் வந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதமாகச் சமப்படுத்தப்பட்டது. ஒவ்வோர் அணியும் இங்கே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இருப்பவர்களில் சிறந்த வீரரை எடுப்பதா, அணியில் காலியாக உள்ள இடத்துக்கு ஏற்றவரை எடுப்பதா? கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், இன்றைய காலியிடம் மிகப் பலவீனமான அளவுகோல் என்பது புலப்படும். ஆனால் பொருத்தம் என்பதே பொருளற்றது என்ற முடிவுக்கு அது இட்டுச்செல்லாது. எதைப் பொருத்தம் என்று கொள்வது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

மதிப்பீட்டின் கூறுகள்

இளம் வீரரை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது வயது. 19 வயதில் ஒருவர் காட்டும் திறனையே 22 வயதில் இன்னொருவர் காட்டினால், முன்னவருக்கு வளர இடம் அதிகம். அடுத்தது உடலமைப்பு. சிகாகோவில் நடக்கும் தேர்வு முகாமில் காலணியின்றி உயரம், விரித்த கைகளின் நீளம், நின்ற நிலையில் கை எட்டும் உயரம் ஆகியவை அளக்கப்படுகின்றன. தடுப்பாட்டத்தில் உயரத்தைவிடக் கைநீளம் பல நேரங்களில் கூடுதலாக உதவுகிறது. எல்லா அளவீடுகளுக்கும் ஒரே மதிப்பில்லை என்பதற்குக் கெவின் டுரான்ட் சான்று. 2007 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு எடையை ஒருமுறைகூட அவரால் தூக்க முடியவில்லை. பின்னாளில் அவரே என்.பி.ஏ. வரலாற்றின் தலைசிறந்த புள்ளி சேர்ப்பவர்களில் ஒருவரானார். புள்ளிவிவரங்களில், குறைந்த ஆட்டங்களில் எடுத்த மூன்று புள்ளி எறிதல் சதவீதத்தைவிட ஃப்ரீ த்ரோ சதவீதத்தைத் தேர்வாளர்கள் அதிகம் நம்புவதுண்டு. தடுப்பவர் இல்லாமல், ஒரே தூரத்திலிருந்து எறியப்படுவதால் கையின் பக்குவத்தை அது தெளிவாகக் காட்டுகிறது. எதிராளிகளின் தரமும் கணக்கில் வர வேண்டும். 2018இல் லூகா டான்சிச், 19 வயதிலேயே ரியல் மாட்ரிட் அணியுடன் யூரோலீக் கோப்பையையும் அத்தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வென்றிருந்தார். முழு வளர்ச்சியடைந்த ஆண்களோடு ஆடிப் பெற்ற இத்தகைய சான்று அந்த ஆண்டு வேறு எவரிடமும் இல்லை. ஆயினும் அவர் மூன்றாவதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

காலியிடத்தை நிரப்பும் தேர்வு

பொருத்தத்தின் பெயரால் நடந்த தவறுகளில் அதிகம் பேசப்படுவது 1984ஆம் ஆண்டுத் தேர்வு. இரண்டாம் வாய்ப்பைப் பெற்றிருந்த போர்ட்லண்ட் அணியில் ஷூட்டிங் கார்டு இடத்துக்கு ஜிம் பாக்ஸனும், முந்தைய ஆண்டு எடுக்கப்பட்ட கிளைட் டிரெக்ஸ்லரும் இருந்தார்கள். வளையத்துக்கு அருகே ஆடும் உயரமான வீரரான சென்டர் தேவைப்பட்டதால் அணி சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குப் போய், ஆறு கோப்பைகளை வென்று தந்தார். முடிவு தெரிந்த பிறகு குறை சொல்வது எளிது என்ற மறுப்பு இங்கே நியாயமானது. அன்றைய ஆட்டம் உயரமான சென்டர்களைச் சுற்றியே இயங்கியது. முதலிடத்தில் ஹூஸ்டன் எடுத்த ஹக்கீம் ஒலாஜுவானும் சென்டர்தான், அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் போவி கால் எலும்பு முறிவால் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்களை முழுதாக இழந்திருந்தார். இந்தத் தகவல் தேர்வு நாளன்றே எல்லோருக்கும் தெரியும். அதைச் சிறிதாகக் காட்டியது காலியிடம் என்ற நெருக்கடி. ஆக, ஜோர்டனின் பெருமையை முன்கூட்டியே அறியாதது போர்ட்லண்டின் பிழையன்று. தன் தேவையை வைத்து வீரரின் மதிப்பை உயர்த்திக் கணக்கிட்டதே பிழை.

காலியிட வாதத்தின் ஆழமான குறை காலக்கணக்கில் இருக்கிறது. முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி. அடுத்த இரண்டை நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருக்கும். 19 வயதில் வருபவர் முழுத் திறனை எட்ட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் உடன் ஆடும் வீரர்களில் பலர் மாறிவிடுவார்கள். 2009இல் கோல்டன் ஸ்டேட் அணி ஏழாவதாக ஸ்டெஃபன் கறி என்ற கார்டை எடுத்தபோது, மான்ட்டா எல்லிஸ் என்ற உயரம் குறைந்த கார்டு அங்கே ஏற்கெனவே இருந்தார். 2012 மார்ச்சில் எல்லிஸ் மில்வாக்கிக்குக் கைமாற, பதிலுக்கு ஆண்ட்ரூ போகட் என்ற சென்டர் கிடைத்தார். 2015இல் கோப்பை வந்தது. டென்வர் 2014இல் ஒரே இரவில் யூசுஃப் நூர்கிச்சையும், 41ஆம் இடத்தில் நிகோலா யோகிச்சையும் பெற்றது, இருவரும் சென்டர்கள். 2017இல் நூர்கிச் போர்ட்லண்டுக்குச் சென்றார். யோகிச் மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருதும் 2023இல் கோப்பையும் வென்றார். இடம் பார்த்து விலக்கியிருந்தால் இவ்விரு அணிகளின் வரலாறே வேறாகியிருக்கும்.

எதிர்வாதங்கள்

திறமையை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டே போனால் அணி உருப்படுமா என்பது வலுவான எதிர்வாதம். பிலடெல்பியா அணி 2013இல் நெர்லன்ஸ் நோயல், 2014இல் ஜோயல் எம்பீட், 2015இல் ஜலீல் ஒகஃபோர் என அடுத்தடுத்து மூன்று உயர வீரர்களைச் சேர்த்தது. எம்பீட் பின்னர் மிகச் சிறந்த வீரர் விருது வரை உயர்ந்தார். மற்ற இருவரும் 2017இல் பெரிய ஈடு எதுவுமின்றி வெளியேறினார்கள். இங்கே சிக்கல், மூவருக்கும் ஒரே பெயருள்ள இடம் என்பதில் இல்லை. நோயலும் ஒகஃபோரும் வளையத்துக்கு அருகிலேயே நிற்க வேண்டியவர்கள். வெளியிலிருந்து எறிந்து எதிரணியின் தடுப்பை விரிக்கத் தெரியாதவர்கள். சேர்ந்து ஆட முடியாதபோது ஆட்டநேரம் பங்குபோடப்பட்டு, இருவரின் சந்தை மதிப்பும் சரிந்தது. திறன்கள் மோதுமானால் அது உண்மையான பொருத்தமின்மை. அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

மோதல் இருந்தால் பிறகு வர்த்தகம் செய்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். சாக்ரமென்டோவின் அனுபவம் இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. டிஆரன் ஃபாக்ஸ் என்ற கார்டு இருக்கும்போதே 2020இல் 12ஆவதாக இன்னொரு கார்டான டைரீஸ் ஹாலிபர்டனை அந்த அணி எடுத்தது. 2022 பிப்ரவரியில் அவரை இண்டியானாவுக்கு அனுப்பி டொமன்டாஸ் சபோனிஸைப் பெற்றது. 2006க்குப் பிறகு முதல்முறையாக 2023இல் பிளேஆஃப் சுற்றை எட்டியது. இண்டியானா 2025இல் இறுதிச்சுற்று வரை போனது. மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது மாற்றினால் திறமை தேவையாக உருமாறும். பிலடெல்பியாபோலக் காத்திருந்தால் கரையும்.

உண்மையான பொருத்தம்

அப்படியானால் பொருத்தத்தை எங்கே தேடுவது? ஒரு வீரருக்கு இல்லாததை இந்த அணியால் கற்றுத்தர முடியுமா, கற்கும்வரை அவருக்கு ஆட்டநேரம் உண்டா என்ற இரு கேள்விகளில் தேட வேண்டும். 2003இல் வலுவான டெட்ராய்ட் அணி இரண்டாவதாக எடுத்த டார்கோ மிலிசிச்சுக்கு அங்கே ஆட இடமே இல்லை. மறு ஆண்டு அணி கோப்பை வென்றது, ஆனால் அவர் வளராமலே 2006இல் ஒர்லாண்டோவுக்குப் போனார். கோப்பை வந்ததாலேயே தேர்வு சரியாகிவிடாது. மாறாக, 2011இல் 15ஆவதாக எடுக்கப்பட்ட கவாய் லெனர்டைப் பெற, ஜார்ஜ் ஹில் என்ற நல்ல கார்டை சான் அன்டோனியோ விட்டுக்கொடுத்தது. லெனர்டின் தடுப்பாட்டம் தொடக்கத்திலிருந்தே பயன்பட்டது. வெளியிலிருந்து எறிவதைத் திருத்த சிப் எங்கலன்ட் என்ற தேர்ந்த பயிற்சியாளர் இருந்தார். ஆட்டத்தின் சுமையை டிம் டன்கன் முதலிய மூத்தவர்கள் தாங்கினார்கள். 2014 இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் லெனர்ட்தான்.

தேர்வு வரிசை கீழே இறங்க இறங்கப் பொருத்தத்தின் எடை கூடுகிறது. முதல் ஐந்து இடங்களில் வீரர்களிடையே திறன் இடைவெளி பெரிதாக இருக்கலாம். இரண்டாம் சுற்றில் அது மதிப்பீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே, அணியின் ஆட்டமுறையில் யாருடைய ஒரு திறன் உடனே பயன்படும் என்று பார்ப்பதே அறிவுடைமை. 2012இல் 35ஆவதாக வந்த டிரேமண்ட் கிரீன், தன் ஆட்ட இடத்துக்கு உயரம் போதாதவர். கறியும் கிளே தாம்சனும் எறிதலைப் பார்த்துக்கொள்ள, அவருடைய பாஸும் தடுப்பாட்டமும் கோல்டன் ஸ்டேட்டின் அச்சாணியாயின. ஆகவே வரிசையின் மேற்பகுதியில் திறமையும் உடல்நலமும் தீர்மானிக்க வேண்டும்; நடுவில் வளர்க்கும் வசதி; கடைசியில் ஆட்டமுறை. இன்று எந்த இடம் காலி என்ற கேள்வி, மற்றவை அனைத்தும் சமமாக நிற்கும்போது மட்டும் கேட்கத் தக்கது.